பச்சை விளக்கு எரியுது... உள்ளே பேட்டரி செத்துக் கிடக்குது!

“கரண்டு போனா போகட்டும். நம்ம வீட்டிலேதான் இன்வெர்ட்டர் இருக்கே!”

இப்படிச் சொல்லிவிட்டுக் காலை நீட்டிப் படுப்பவரா நீங்கள்? கொஞ்சம் எழுந்து உட்காருங்கள். இதைப் படியுங்கள்.

உங்கள் வீட்டு மூலையில், கடைக் கல்லாவுக்குப் பின்னால், ஆபீஸ் மேஜைக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறதே... அது உயிரோடு இருக்கிறதா? கடைசியாக எப்போது சோதித்துப் பார்த்தீர்கள்?

“அதான் பச்சை விளக்கு எரியுதே!” என்பீர்கள்.

பச்சை விளக்கை நம்பி ஏமாந்த ஒரு வீட்டின் கதையை முதலில் சொல்கிறேன். எங்கள் சந்தில் நடந்தது. என் கண்ணால் பார்த்தது.

இருட்டில் ஓட்டம்

2024-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி இரவு. மணலி துணை மின் நிலையத்தில் தீப்பிடித்தது. சென்னையின் பல பகுதிகள் இருட்டில் மூழ்கின. ராத்திரி 10 மணி வாக்கில் போன கரண்டு, பல இடங்களில் நள்ளிரவு தாண்டித்தான் வந்தது.

வட சென்னையில் எங்கள் சந்தும் இருண்டு போனது.

எங்கள் வீட்டுக்கு நாலாவது வீட்டில் ஒரு பெரியவர். வயது 70-க்கு மேல். நுரையீரல் நோயாளி. பகலில் சமாளித்துக் கொள்வார். ராத்திரி தூங்கும்போது ஆக்சிஜன் வேண்டும். காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் எந்திரம் ஒன்று அவர் கட்டில் பக்கத்தில் ஓடும். கரண்டில் ஓடும் எந்திரம். அதற்காகவே அவருடைய மகன் கடன் வாங்கி இன்வெர்ட்டர் வைத்திருந்தார்.

கரண்டு போனது. ‘டக்’ என்று ஒரு சத்தம். இன்வெர்ட்டர் ஓடத் தொடங்கியது. வீட்டார் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

அந்த நிம்மதி எவ்வளவு நேரம் தெரியுமா? 7 நிமிடம்!

‘பீப்... பீப்...’ என்று பெட்டி கத்தியது. மின்விசிறி நின்றது. ஆக்சிஜன் எந்திரமும் நின்றது.

மகன் ஓடி வந்து என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

“தம்பி, அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. உன் பைக்கை எடு. எங்கேயாவது ஒரு சிலிண்டர் பிடிக்கணும்.”

கிளம்பினோம். மருந்துக் கடைகள் எல்லாம் மூடிக் கிடந்தன. தெரு விளக்கு ஒன்றுகூட இல்லை. கடைசியில், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் சிலிண்டர் இருப்பதாக ஒருவர் சொன்னார். போய்க் கேட்டோம். அந்த அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை. தூக்கிக் கொடுத்துவிட்டார்.

நான் பைக் ஓட்டினேன். மகன் பின்னால் உட்கார்ந்து, சிலிண்டரைக் குழந்தையைப் போல் மடியில் அணைத்துக் கொண்டு வந்தார்.

பெரியவர் பிழைத்துக் கொண்டார். இப்போதும் மாலையில் வாசல்படியில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பார்த்தால், “என்னப்பா, இன்னிக்கு எங்கே கொலை?” என்று கேட்பார்.

கொலை என்று பார்த்தால், அன்று அவர் வீட்டிலேயே ஒன்று நடந்திருந்தது. செத்தது பேட்டரி!

பிரேத பரிசோதனை

மறுநாள் காலை பேட்டரி மெக்கானிக் ஒருவரைக் கூட்டி வந்தோம். அவர் பேட்டரியின் 6 மூடிகளையும் கழற்றினார். டார்ச் அடித்துப் பார்த்தார். உதட்டைப் பிதுக்கினார்.

அவர் கூறியதாவது:-

“பெட்டி மேலே குத்தம் இல்ல சார். இன்வெர்ட்டர் நல்லாத்தான் இருக்கு. பேட்டரிதான் காலி. உள்ளே தண்ணியே இல்ல. தட்டெல்லாம் வெளியே தெரியுது. வாங்கி 5 வருஷம் ஆச்சுங்கறாங்க. ஒரு வருஷமா யாரும் தொட்டே பார்க்கலை.”

மகன் திகைத்துப் போனார். “பச்சை விளக்கு எரிஞ்சுதே அண்ணே! ‘முழு சார்ஜ்’னு காட்டிச்சே!” என்றார்.

மெக்கானிக் சிரித்தார். “ஒரு குடம் சொம்பா சுருங்கிப் போச்சுன்னு வையுங்க. சொம்பு நிறைஞ்சாலும் ‘நிறைஞ்சுது’ன்னுதானே அது சொல்லும்? குடத்துத் தண்ணி இருக்கா, சொம்புத் தண்ணி இருக்கான்னு அந்த விளக்குக்கு எப்படித் தெரியும்?”

விஷயம் இதுதான்! பேட்டரியில் சார்ஜ் நிறைந்துவிட்டதா என்பதைத்தான் பச்சை விளக்கு சொல்லும். அந்த சார்ஜ் எத்தனை நிமிடம் தாங்கும் என்பதைச் சொல்லாது.

அது தெரிவது கரண்டு போகும்போதுதான். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்?

பரீட்சை நின்று போனது

2012-ம் ஆண்டை மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையில் தினமும் 2 மணி நேரம் மின்வெட்டு. வெளியூர்களில் அதைவிடப் பல மடங்கு. அந்தக் காலத்தில்தான் நம் ஊரில் இன்வெர்ட்டர் இல்லாத வீடே இல்லை என்கிற நிலை வந்தது.

அப்போது பெட்டிக்குத் தினமும் பரீட்சை. பேட்டரி கொஞ்சம் தளர்ந்தாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். “நேற்று 2 மணி நேரம் ஓடிச்சு, இன்னிக்கு ஒன்றரை மணி நேரத்திலே படுத்துடுச்சே” என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டோம்.

பிறகு தினசரி மின்வெட்டு போனது. நல்லதுதான். ஆனால் பெட்டிக்குப் பரீட்சையும் நின்று போனது. நாமும் அதை மறந்துவிட்டோம். அதன் மேல் துணி மடித்து வைக்கிறோம். பழைய பேப்பரை அடுக்குகிறோம்.

2016 டிசம்பரில் வர்தா புயல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். 2024 செப்டம்பரில் மணலி தீ. எப்போதோ ஒரு நாள்தான் பெரிய பரீட்சை வருகிறது. அந்த ஒரு நாளில்தான் பெட்டி காலை வாருகிறது.

கொலையாளிகள் மூன்று பேர்

பேட்டரியைக் கொல்லும் ஆசாமிகள் யார், யார்? மெக்கானிக் அடையாளம் காட்டினார்.

முதல் ஆசாமி: தாகம். சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் இருக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வாயுவாகப் பிரிந்து போகும். 2, 3 மாதத்துக்கு ஒரு முறை மூடியைத் திறந்து பார்த்து, குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீர் கூடாது. கேன் தண்ணீரும் கூடாது. அதில் உள்ள உப்பு, தட்டுகளைக் கெடுத்துவிடும். “ஆசிட் ஊத்தினா பவர் ஏறும்” என்று சிலர் சொல்வார்கள். நம்பாதீர்கள். குறைவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல.

இரண்டாவது ஆசாமி: சூடு. பேட்டரியின் ஆயுளைக் கம்பெனிகள் பொதுவாக 25 டிகிரி வெப்பத்தை வைத்துக் கணக்குப் போடுகின்றன. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லாரும் சொல்லும் கணக்கு. 25 டிகிரியில் 6 வருடம் உழைக்க வேண்டியது, 35 டிகிரியில் 3 வருடத்தில் முடிந்துவிடும். நம் சென்னை வெயில் சொல்ல வேண்டியதில்லை. தகரக் கூரைக்குக் கீழே, பரண் மேலே, சமையல் அடுப்புக்குப் பக்கத்தில் பேட்டரியை வைப்பவர்கள் தாங்களே அதன் ஆயுளைக் குறைக்கிறார்கள்.

மூன்றாவது ஆசாமி: பாரம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் ஏட்டுக் கணக்கில் 1,800 வாட்-மணி. அதாவது 1.8 யூனிட். அதுவும் மெதுவாக இழுத்தால்தான் அவ்வளவு கிடைக்கும். ஒரேயடியாக உறிஞ்சினால் குறையும். பெரியவரின் ஆக்சிஜன் எந்திரம் மட்டும் சுமார் 350 வாட் இழுக்கும். புது பேட்டரியாக இருந்தால்கூட 3 மணி நேரம் தாங்கினால் அதிகம். இதோடு மிக்சி, அயர்ன் பாக்ஸ் என்று மாட்டினால் என்ன ஆகும்?

வீட்டுக்குள்ளே கரண்டு திருடன்!

இன்னொரு குட்டையும் இங்கே உடைக்க வேண்டும்.

கரண்டு போகாத நாளிலும் இந்தப் பெட்டி கரண்டைக் குடித்துக் கொண்டுதான் இருக்கிறது. உள்ளே இருக்கும் டிரான்ஸ்பார்மர் சூடாவதற்கும், பேட்டரியை நிறைவாக வைத்திருப்பதற்கும் போகிற கரண்டு அது. பெட்டியின் மேல் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருக்கிறதா? அது உங்கள் காசு!

20 வாட்தான் என்று வைத்துக் கொள்வோம். 24 மணி நேரமும் என்றால் நாள் ஒன்றுக்கு சுமார் அரை யூனிட். 60 நாளில் 29 யூனிட். வருடத்துக்கு 175 யூனிட். ஒரு விளக்குகூட எரியாமல்!

கரண்டு போகும்போதும் நஷ்டம் உண்டு. சார்ஜ் ஏற்றும்போது கொஞ்சம் போகிறது. பேட்டரிக்குள் கொஞ்சம் போகிறது. வெளியே எடுக்கும்போது கொஞ்சம் போகிறது. பேட்டரி வழியாக ஒரு யூனிட் செலவழித்தால், மீட்டரில் ஒன்றரை முதல் 2 யூனிட் வரை ஓடியிருக்கும்.

பேட்டரி கெட்டுப் போனால் நஷ்டம் இன்னும் கூடும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் சார்ஜர் கரண்டை ஊற்றிக் கொண்டே இருக்கும். செத்த பேட்டரி ஆபத்தில் கைவிடுவது மட்டும் அல்ல, மாதா மாதம் பில்லையும் ஏற்றிவிடும்.

இதற்கு வழி என்ன? பெரிய பேட்டரி வாங்குவதற்கு முன்னால் பாரத்தைக் குறையுங்கள்.

பழைய மின்விசிறி ஒன்று 75 வாட். பழைய டியூப் லைட், சோக்கோடு சேர்த்து 50 வாட். மூன்று விசிறி, மூன்று விளக்கு என்றால் 375 வாட். நல்ல பேட்டரி இரண்டரை மணி நேரம் தாங்கும்.

புது வகை பி.எல்.டி.சி. மின்விசிறி சுமார் 30 வாட். எல்.இ.டி. டியூப் 20 வாட். அதே மூன்று விசிறி, மூன்று விளக்குக்கு 150 வாட்தான். அதே பேட்டரி 6 மணி நேரத்துக்கு மேல் ஓடும். தினசரி கரண்டு பில்லும் குறையும். பேட்டரியும் நீண்ட நாள் உழைக்கும். ஒரே செலவில் மூன்று லாபம்!

கடைக்காரர்களே, குமாஸ்தாக்களே!

ரிச்சி தெருவுக்குப் போனால் கம்ப்யூட்டருக்கு மாட்டும் சின்ன யு.பி.எஸ். பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். “600 வி.ஏ.” என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அது 600 வாட் என்று நினைத்து வாங்குகிறோம். பல பெட்டிகளில் அது 360 வாட்தான். சின்ன எழுத்தில் இருக்கும். தேடிப் படியுங்கள்.

அதற்குள் இருக்கும் பேட்டரி கையடக்கமானது. பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி. எழுதியதைச் சேமித்துவிட்டுக் கம்ப்யூட்டரை நிறுத்துவதற்கு 10, 15 நிமிடம் கொடுக்கும். அதற்குத்தான் அது. அதை நம்பி வியாபாரம் நடத்த முடியாது. தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி என்பதால் யாரும் நினைத்தும் பார்ப்பதில்லை. 2, 3 வருடத்தில் அது போய்விடும். ஜெராக்ஸ் எந்திரத்தையும் லேசர் பிரிண்டரையும் அதில் மாட்டவே கூடாது. அவை சூடேறும் நேரத்தில் இழுக்கும் கரண்டை இந்தச் சின்னப் பெட்டி தாங்காது.

பெரிய ஆபீஸ்களில் இருப்பது வேறு ரகம். ‘ஆன்லைன்’ யு.பி.எஸ். என்பார்கள். கரண்டு இருக்கும்போதும் எல்லாக் கரண்டும் அதற்குள் புகுந்து, உருமாறித்தான் வெளியே வரும். நன்மை என்னவென்றால், கரண்டு போனால் கண் சிமிட்டும் நேரம்கூட இடைவெளி விழாது. தீமை என்னவென்றால், 100 யூனிட் உள்ளே போனால் 90 சொச்சம்தான் வெளியே வரும். மீதி சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற ஏ.சி. ஓடுகிறது. அதற்கும் கரண்டு!

“எதிர்காலத்துக்கு இருக்கட்டும்” என்று 10 கம்ப்யூட்டருக்கு 100 கம்ப்யூட்டருக்கான பெட்டி வாங்கி வைக்கும் ஆபீஸ்களில் நஷ்டம் இன்னும் அதிகம். பாரம் ரொம்பக் குறைவாக இருக்கும்போது இந்தப் பெட்டிகளின் சிக்கனம் அடிபட்டுப் போகும்.

சாதாரணக் கம்ப்யூட்டருக்கு இது தேவையா? கரண்டு போன பிறகு மாறிக் கொள்ளும் சாதாரண யு.பி.எஸ்., ஒரு வினாடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் மாறிவிடும். அந்த இடைவெளியைக் கம்ப்யூட்டர் தாங்கிக் கொள்ளும். உயிர் காக்கும் கருவி எது, தாங்கிக் கொள்ளும் கருவி எது என்று பிரித்துப் பார்த்து வாங்கினால் செலவும் மிச்சம், கரண்டும் மிச்சம்.

பெரிய இடத்துக் கதை

“நாம்தான் ஏமாளிகள்” என்று வருத்தப்பட வேண்டாம். கோடி கோடியாய்ச் செலவழிப்பவர்களும் இதில் மாட்டிக் கொண்டிருக்கிறார்கள்.

2017-ம் ஆண்டு மே 27-ந் தேதி லண்டனில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானக் கம்பெனியின் கம்ப்யூட்டர்கள் படுத்தன. கம்ப்யூட்டர் மையத்தில் மின்சாரத்தைத் துண்டித்து, பிறகு முறையில்லாமல் திரும்பக் கொடுத்ததில் எந்திரங்கள் கெட்டுப் போயின. சுமார் 75 ஆயிரம் பயணிகள் அவதிப்பட்டார்கள்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 26-ந் தேதி தென் கொரியாவில் டேஜியோன் நகரத்து அரசுக் கம்ப்யூட்டர் மையத்தில் தீ. தீப்பிடித்தது எது தெரியுமா? யு.பி.எஸ்.சின் லித்தியம் பேட்டரி! அதை இடம் மாற்றும் வேலை நடந்தபோது இந்த விபத்து. 709 அரசுக் கம்ப்யூட்டர் சேவைகள் நின்று போயின. கரண்டு போனால் காப்பாற்ற வைத்த பெட்டியே வினையாகிவிட்டது.

இதற்காக லித்தியம் என்றாலே பயப்பட வேண்டாம். வீடுகளுக்கு வரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, மற்ற லித்தியம் வகைகளைவிடச் சுலபத்தில் தீப்பிடிக்காதது. தண்ணீர் ஊற்ற வேண்டாம். கரண்டு விரயமும் குறைவு. விலைதான் அதிகம். ஆனால் பழைய இன்வெர்ட்டரில் அப்படியே மாட்டிவிடக் கூடாது. அதற்கு ஏற்ற சார்ஜர் இருக்கிறதா என்று கேட்டே மாட்ட வேண்டும்.

நம் வீட்டு ஆசிட் பேட்டரியிலும் ஆபத்து உண்டு. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். மூடிய அலமாரிக்குள் அது சேர்ந்துவிட்டால் ஒரு தீப்பொறி போதும். பூஜை விளக்குக்குப் பக்கத்தில் பேட்டரி வேண்டாம். காற்றோட்டமான இடத்தில், ஒரு ஸ்டாண்டு போட்டுக் கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். 2015 வெள்ளத்தை நினைத்துக் கொள்ளுங்கள்.

பழைய பேட்டரியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஈயம். சந்துபொந்துகளில் அதை உடைத்து உருக்கினால் கிளம்பும் புகையும் தூசியும் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2022-ம் ஆண்டு மத்திய அரசு கொண்டு வந்த விதிகளின்படி, பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்புவது தயாரிப்பாளர்களின் பொறுப்பு. புதுசு வாங்கும் கடையிலேயே பழசைக் கொடுத்துக் கழித்துக் கொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பரீட்சை

சரி, பேட்டரி உயிரோடு இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? காலணா செலவில்லை.

மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் வெளிச்சத்தில், மெயின் சுவிட்சை நீங்களே நிறுத்துங்கள். வழக்கமாக ஓடும் விசிறி, விளக்கு எல்லாம் ஓடட்டும். அரை மணி நேரம் பாருங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பெட்டி கத்தும் வரை ஓடவிட்டு எத்தனை நிமிடம் என்று காலண்டரில் எழுதி வையுங்கள். புதிதாக இருந்தபோது ஓடியதில் பாதிதான் ஓடுகிறது என்றால், அந்த பேட்டரியை இனி நம்பாதீர்கள்.

ஆக்சிஜன் எந்திரத்தில் நோயாளி இருக்கும்போது மட்டும் இந்தச் சோதனை கூடாது. அப்படிப்பட்ட வீடுகளில் பேட்டரி எவ்வளவு புதுசாக இருந்தாலும், நிரப்பிய சிலிண்டர் ஒன்று கட்டில் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

எங்கள் சந்துப் பெரியவர் வீட்டில் இப்போது இரண்டும் உண்டு. மாதத்துக்கு ஒரு பகல் அவர் வாசலில் உட்கார்ந்திருக்க, உள்ளே எந்திரம் மட்டும் இன்வெர்ட்டரில் தனியாக ஓடும். மகன் கையில் கடிகாரம். காலண்டரில் நிமிடக் கணக்கு.

போன மாதம் நான் அந்தப் பக்கம் போனபோது பெரியவர் கூப்பிட்டுச் சொன்னார்:-

“ரெண்டு மணி நாற்பது நிமிஷம் ஓடிச்சுப்பா. உன் வீட்டுப் பெட்டி எவ்வளவு ஓடுது?”

நான் திருதிருவென்று விழித்தேன்.

வீட்டுக்குப் போய் மெயின் சுவிட்சை நிறுத்தினேன். 11 நிமிடம்!

உங்கள் வீட்டில் எத்தனை நிமிடம்?